கொடித்துறையில் அண்ணன் மூடிய கிணறு

சர்வேசுரனுடைய சித்தப்படி எங்கள் அண்ணன் அவர்கள் கண்மூடி வருஷம் மூன்று திரும்பிவிட்டது. ஆண்டுப் பூசைக்கு வந்து, அவருடைய ஆத்துமத்துக்காக முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கிற சொந்தபந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் அவருடைய தங்கை நான் எழுதிக்கொள்வது.

முன்பக்கங்களில் தம்பி எழுதியிருக்கிறான். அண்ணன் கட்டிய பங்களாக்கள், போட்ட ரஸ்தா, பாண்டு வாசிக்கிற மண்டபம் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டிருக்கிறான். நன்றாகவே எழுதியிருக்கிறான். அவன் ஹைஸ்கூல் போனவன். நான் ஞானோபதேசம் படிக்கப்போன இடத்தில் எழுத்துக் கூட்டக் கற்றவள், அவ்வளவுதான். ஆனாலும் இதை யாரையும் வைத்து எழுதவில்லை. என் கையாலேயே எழுதினேன். பதினெட்டு நாள் பிடித்தது. புள்ளியும் சுழியும் தப்பியிருந்தால் அச்சாபீஸ்காரர் சரிபண்ணிக்கொள்ளட்டும், விஷயத்தில் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

போன தை மாதம் நான் கொடித்துறைக்குப் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் காலமானது சண்டைச் சமயம். ரயிலில் பட்டாளத்துக்கே இடம் பற்றாத காலம். அதனால் அந்தக் கடற்கரை ஊரிலேயே அடக்கம் பண்ணினார்கள். இங்கே அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கென்று விட்ட இடம் நாற்பது வருஷத்துக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. சண்டை முடிந்ததும் அவருடைய எலும்புகளை எடுத்து வந்து அங்கே வைக்க வேண்டும் என்று எல்லோரும் ஒருவாயாகச் சொன்னீர்கள். உத்தரவு வாங்கித் தந்தீர்கள். சுவாமியார் சீட்டு எழுதிக் கொடுத்தார். தம்பி தேக்கில் பெட்டி செய்தான். அம்மாவின் தலைமாட்டில் நின்று வாக்குக் கொடுத்தவள் என்பதால் நான்தான் போனேன்.

பெட்டியைக் காலியாகக் கொண்டு வந்தேன். நம் பட்டாளத் தண்டு ஸ்டேஷனில் என்னை அழைத்துப்போக வந்தவர்கள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன அக்கா, இவ்ளோ லேசா இருக்கு?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. அப்புறம் வீட்டுக்கு வந்து கேட்டவர்களுக்கும் சொல்லவில்லை. சிலர் கோபித்துக்கொண்டு போக்குவரத்தை நிறுத்தியிருக்கிறீர்கள். பதில் இதுதான். நின்று நிதானமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது இங்கே, தண்டுக்குப் பக்கத்து ஜோகுபாளையத்தில். அப்பா வட ஆற்காட்டிலிருந்து பட்டாளத்துக் கட்டடங்களுக்கு வேலைக்கு வந்த கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து போனார். அப்போது அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஏழு, தம்பி கைக்குழந்தை. அம்மா சித்தாளாகப் போய்ச் சுண்ணாம்புச் சாந்து சுமந்து எங்களை ஆளாக்கினார். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தண்டில் இன்றைக்கு நிற்கிற எத்தனையோ சுவர்களில் எங்கள் அம்மாவின் தலைச்சுமை இருக்கிறது.

அண்ணனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவார். பூசையில் பிரசங்கம் நீண்டுபோனால் கால் மாற்றி மாற்றி நிற்பார். "உன் கால்ல என்னடா சக்கரமா கட்டியிருக்கு?" என்று அம்மா திட்டுவார். அந்தக் காலோடுதான் கொத்துக்கரணை பிடிக்கக் கற்றார், இருபத்தைந்து வயதுக்குள் மேஸ்திரி ஆனார்.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது கிணறு. நம்முடைய ஊரில் மேலே செம்மண், அப்புறம் சுக்கான்கல், அதற்குக் கீழே பாறை. பாறை வந்ததும் மற்றவர்கள் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அண்ணன் வெடி வைப்பார். "தண்ணி இல்லன்னு சொல்லாத, ஆழம் பத்தலன்னு சொல்லு" என்பார். எத்தனையோ பேர் கைவிட்ட குழியில் இன்னும் பத்து அடி இறங்கித் தண்ணீர் காட்டியிருக்கிறார். பேட்டைக் கௌடர்கள் ஜட்கா அனுப்பி அவரைக் கூட்டிப்போவார்கள். எங்கள் வீட்டுக்கே கிணத்து மேஸ்திரி வீடு என்று பேர். பொதுக் கிணற்றடியில் யாராவது என்னிடம் வாய்கொடுத்தால், "எங்கண்ணன் தோண்டின தண்ணிய குடிச்சிட்டு என் கிட்டயே பேசறியா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. அதைப் பின்னால் சொல்லவேண்டியிருப்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

தண்டில் வேலை முடித்து ஓய்வு வாங்கிய ஒரு கர்னல் துரைக்கு, கடற்காற்றில் இருந்தால்தான் நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாராம். அவர் கொடித்துறையில் பங்களா கட்ட வேண்டும் என்று அண்ணனையும் எட்டுக் கொத்தனார்களையும் அழைத்துக்கொண்டு போனார். சென்னப்பட்டணம் வரைக்கும் ரயில், அங்கிருந்து தெற்கே கால்வாயில் ஒரு பகல் முழுக்கப் படகு.

அண்ணன் எழுதிய முதல் கடுதாசி இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்போது கொடித்துறையில் என்ன இருந்தது என்று அதில் எழுதியிருக்கிறார். ஒல்லாந்தர் கட்டிய பழைய கோட்டை, பாதிச் சுவர் கடலுக்குள். கப்பலுக்குக் கொடி காட்டுகிற மரம், கொடி இல்லாமல். பூட்டிக்கிடக்கிற சுங்கச்சாவடி. பனைமரம், தாழம்புதர், உப்பளம். கடலோரமாக ஒரு குப்பம், அதில் ஓலை வேய்ந்த கோயில். கப்பல்கள் எல்லாம் பட்டணத்துத் துறைமுகத்துக்கே போய்விட்டதால் ஊர் வேலையற்றுக் கிடந்தது. கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "இங்கே எதுவும் நின்ற இடத்தில் நிற்பதில்லை தங்கச்சி. நேற்றுப் பார்த்த மணல்மேடு இன்று காலையில் நாலு கெஜம் தள்ளி இருக்கிறது. எனக்குத் தோதான ஊர்."

கர்னல் துரையின் பங்களா எழும்பியது. அதைப் பார்த்து இன்னொரு துரை வந்தார். அப்புறம் கூடாரம் போட்டுக்கொண்டு கோடையைக் கழிக்கிறவர்கள் வந்தார்கள், ரொட்டிக்கடை வந்தது, துரைசானிகள் உடைமாற்றிக்கொள்ளச் சக்கரம் வைத்த மரப்பெட்டிகளைத் தண்ணீர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிற வேலை குப்பத்து ஆண்களுக்கு வந்தது. நாலே வருஷம். பங்களா வாசலில் மணல் ஏறாமல் இருக்கச் சவுக்கு நட்டதும் அண்ணன்தான். முதல் தடவை நட்ட கன்றுகளைக் காற்று பிடுங்கிப்போட்டது, இரண்டாம் தடவை பனையோலைத் தட்டி கட்டி அதன் பின்னால் நட்டார், பிடித்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறார்.

அப்புறம் ஒரு கம்பெனி வந்தது. கோடைக்கு வருகிறவர்கள் தங்க நாற்பது அறையில் ஓட்டல் கட்ட வேண்டும், மணல்மேட்டின் உச்சியில் கடலைப் பார்த்தபடி. நாற்பது அறைக்குத் தண்ணீர் வேண்டாமா? கிணற்று வேலை அண்ணனுடையது.

அதற்குப் பிறகு நடந்ததைக் குப்பத்தில் இருக்கிற சூசையம்மாள் போன தையில் எனக்குச் சொன்னார். என் வயதுதான் இருக்கும். அப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைக்குத் தாய்.

குப்பத்துப் பெண்கள் அந்த மேட்டுக்குப் பின்னால் மணலைக் கையால் பறித்து ஊற்றுக்குழி போட்டுத் தண்ணீர் எடுப்பார்கள். பெய்த மழை மணலில் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. கடலிலிருந்து கல்லெறி தூரம், ஆனால் இளநீர் மாதிரி இருக்கும். அண்ணன் ஆட்களை இறக்கித் தோண்ட ஆரம்பித்ததும் சூசையம்மாள் குடத்தோடு வந்து நின்றாராம்.

"இன்னா மேஸ்திரி, எவ்ளோ ஆழம் போற?"

"முப்பது அடி."

"முப்பதா! இடுப்பளவு போதும்யா. அதுக்குக் கீழ உப்பு படுத்துக்கினு கீது. அத எழுப்பாத."

"நான் பாறைய ஒடச்சித் தண்ணி எடுத்தவம்மா. மணல்ல எனக்கு நீ பாடம் சொல்றியா?"

"பாறை உங்கூர்ல. இது எங்கூரு."

"தள்ளி நில்லு. மண்ணு சரியும்."

இருபதாவது அடியில் தண்ணீர் பீறிட்டது. இனிப்புத் தண்ணீர். அண்ணன் முதல் வாளியைச் சூசையம்மாளிடமே நீட்டிக் குடிக்கச் சொன்னாராம். ஆழம் பற்றாது என்று இன்னும் பத்து அடி இறங்கினார். கம்பெனிக்காரர்கள் இரண்டு ஏற்றம் போட்டு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இறைத்தார்கள். சுவர் வேலைக்கும் அதே தண்ணீர், தோட்டத்துக்கும் அதே தண்ணீர். மூன்றாவது வாரம் கிணறு கரித்தது. நாலாவது வாரம் குப்பத்து ஊற்றுகள் எல்லாம் கரித்தன. பங்குனி மாதம். குப்பத்துப் பெண்கள் மூன்று மைல் உள்ளே இருக்கிற ஏரிக்குக் குடம் தூக்கி நடந்தார்கள். ஏரியும் வற்றிக் கலங்கிக் கிடந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஒரு குழந்தை தப்பவில்லை. அது அந்தத் தண்ணீரால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணன் மட்டும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டார்.

அவர் செய்தது இது. கம்பெனியிடம் கேட்காமல் கிணற்றை மூடினார். எட்டுக் கொத்தனார்களும் மாட்டோம் என்றதால் தனியாளாக ஆறு நாள் மணல் தள்ளி மூடினார். கம்பெனி அவரை வேலையைவிட்டு அனுப்பியது. அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. ஒரு மாட்டுவண்டியில் பீப்பாய் கட்டி ஏரிக்கும் அப்பால் உள்ளே இருக்கிற ஊர்க் கிணறுகளிலிருந்து குப்பத்துக்குத் தண்ணீர் ஓட்டினார். மிச்ச நேரத்தில் கடலோரம் நெடுக மணலைப் பறித்து வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டு, நல்ல ஊற்று எங்கே இருக்கிறது என்று தேடினார். வண்டி வர நேரமானால் சூசையம்மாள் அவர் குடிசை வாசலில் நின்று ஊர் கேட்கச் சத்தம் போடுவாராம். "எழுந்திரு மேஸ்திரி! எங்க தண்ணிய குடிச்சது நீ, இன்னும் இன்னா தூக்கம்?"

அந்தச் சமயத்தில்தான் இங்கே அம்மா படுத்தார். பிளேக் வந்து அடங்கியதற்கு மறுவருஷம். மூச்சிரைப்பு. நாலு மாதத்தில் முற்றிவிட்டது, தந்தி கொடுத்தோம். அண்ணன் வரவில்லை. ஐந்தாம் நாள் கடுதாசி வந்தது. அடுப்பங்கரையில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். அது எனக்கு மறக்கவில்லை, மறக்கவும் முடியாது.

"தங்கச்சிக்கு. இந்த ஊரின் தண்ணீர் என்னால் கெட்டது. படகுத்துறை வரைக்கும் இரண்டு தரம் வந்து திரும்பிவிட்டேன். இப்போது வந்தால் தப்பி ஓடிவந்தவன் ஆவேன். வண்டியை ஓட்ட இங்கே வேறு ஆள் இல்லை. நல்ல ஊற்று கிடைத்ததும் வருகிறேன். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. அம்மா கேட்டால் மறைக்காதே."

படித்து முடித்து அந்தக் கடுதாசியை அடுப்பில் போட்டேன்.

ஏன் போட்டாய் என்று கேட்பீர்கள். நாலு மாதமாக அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தது நான், வராதவன் மேல் கோபம் என்று எனக்கு நானே வெகுகாலம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். கிணத்து மேஸ்திரி கிணறு தோண்டி ஒரு ஊர்த் தண்ணீரை உப்பாக்கினான் என்று ஜோகுபாளையத்தில் ஒரு வாய்க்குத் தெரிந்தாலும் நான் தலைநிமிர்ந்து குடம் தூக்க முடியாது. அதுதான் காரணம்.

அன்றைக்கு அம்மா கேட்டார். "கடுதாசி வந்துச்சா?"

"வரலம்மா."

"வந்தா அவனத் திட்டாத. ஏதோ வேலைல மாட்டிக்கிட்டான். பாதில உட்டுட்டு வர்ற புள்ள இல்ல அவன். எனக்கு மனசுல ஒண்ணுமில்லன்னு சொல்லு. என் பக்கத்துல அவனுக்கு எடம் உட்டு வைங்க."

"சரிம்மா" என்றேன். இரண்டு நாளில் அம்மா போய்விட்டார்.

மகன் ஏன் வரவில்லை என்று ஊர் கேட்டது. கொடித்துறைக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய நம்மவர் ஒருவர், கிணறு தோண்டியதில் தனக்கும் பங்கு உண்டு என்பதால் அதை விட்டுவிட்டு, அண்ணன் குடிசை வாசலில் தினமும் ஒருத்தி நின்று அதிகாரமாகக் கத்துகிறாள் என்று வந்து சொன்னார். "உரிமை இல்லாமலா கத்துவா? தொடுப்புதான்" என்று அவரவர் முடித்துக்கொண்டீர்கள். சொன்னவர் பேரை எழுத மாட்டேன், அவர் ஆத்துமமும் இளைப்பாறட்டும். அது பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். உப்புக் கிணற்றைவிட அந்தப் பழி எனக்குச் சின்னதாகப் பட்டது. ஆம்பளை என்றால் அப்படித்தான் என்று நாலு நாளில் மறந்துவிடுவார்கள், கிணறு கெட்டதை மறக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். நீங்களோ அதையும் மறக்கவில்லை. நாற்பது வருஷம் பேசினீர்கள்.

வண்டிக்கு அதற்குள் ஒரு ஆளைப் பழக்கி வைத்துவிட்டு, முப்பதாம் நாள் பூசைக்கு அண்ணன் வந்தார். வெயிலில் கறுத்து, கால் முழுக்க உப்பு வெடிப்போடு வந்தார். ஒருத்தரும் வா என்று சொல்லவில்லை. கல்லறை வாசலில் என்னை மட்டும் ஓரமாக அழைத்தார்.

"அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினியா?"

"காட்டினேன்ணா."

"என்ன சொன்னாங்க?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் கடுதாசி என்ன ஆயிற்று என்ற பேச்சு வரும். "ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அண்ணனுடைய கால் அசையாமல் நின்றதை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். மத்தியான ரயிலுக்கே திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு கடுதாசி, கிறிஸ்மசுக்கு. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. எல்லாம் கொடித்துறையைப் பற்றித்தான். மேட்டுக்கு வடக்கே தாழம்புதருக்குள் நல்ல ஊற்று கிடைத்தது. மூன்று மழைக்காலம் போய்ப் பழைய ஊற்றுகளும் தெளிந்தன. வேறு கொத்தனார்கள் கட்டிய சுவர்களில் உப்புப் பூத்துச் சாந்து உதிர்ந்ததால் கம்பெனிக்காரர்கள் மறுபடி அண்ணனிடமே வந்தார்கள். அவர் ஒரு நிபந்தனை போட்டார். மேட்டில் ஒரு செங்கல் வைக்கக் கூடாது, கடலோரம் யாரும் ஆழக் கிணறு தோண்டக் கூடாது, ஓட்டலும் பங்களாத் தெருவும் ரஸ்தாவுக்கு உள்பக்கம் வரட்டும், தண்ணீரை ஏரிப்பக்கமிருந்து கொண்டு வரட்டும். கடல் தெரியாத ஓட்டலுக்கு எவன் வருவான் என்று முறைத்தார்கள். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள், மாடியை உயர்த்திக் கடலைக் காட்டினார் அண்ணன்.

அப்புறம் ஊர் நிற்கவில்லை. கிளை ரயில் வந்தது. துரைமார் ஒவ்வொருவராகப் போக, பட்டணத்து வக்கீல்களும் ஜமீன்தார்களும் அந்த பங்களாக்களை எடுத்தார்கள். சோடாக்கடை, போட்டோ ஸ்டூடியோ, டாக்கி கொட்டகை, பௌர்ணமிக்குப் பாண்டு வாத்தியம். கோட்டையின் இன்னொரு சுவரும் கடலுக்குள் போனது. சவுக்கு காடாகிவிட்டது. தம்பி கோடைக்குக் குடும்பத்தோடு போய் வருவான். "எல்லாத்தையும் கட்டிட்டு அந்த மேட்ட மட்டும் அண்ணன் அழகுக்காக உட்டு வச்சிருக்காருக்கா, என்ன ஒரு ரசனை!" என்று சொல்வான். இந்த மலரிலும் அப்படியே எழுதியிருக்கிறான். அழகுக்காக விட்டதல்ல தம்பி. மழை இறங்குவதற்காக விட்டது.

ஜப்பான்காரன் கப்பல் வருகிறது என்று பயந்து கொடித்துறையே காலியான வருஷம், இங்கே வந்துவிடும்படி நாங்கள் எழுதினோம். வரவில்லை. கடற்கரையில் முள்கம்பி போட்டுப் பட்டாளம் இறங்கியது, மேட்டில் கிணறு வெட்டக் கோடு கிழித்தார்கள். எழுபதைத் தாண்டிய மனுஷர், கோலை ஊன்றிக்கொண்டு தினமும் அந்த ஆபீசரிடம் போய் நின்று மன்றாடினார். அவர்கள் வேறிடம் பார்த்துப் போனார்கள். மறுவருஷம் கோடையில் காய்ச்சல் கண்டு ஒன்பது நாள் கிடந்தார். குப்பத்துப் பெண்கள் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சுவாமியார் கையால் அவஸ்தைப்பூசுதல் பெற்று, நல்ல நினைவோடு போனார்.

இப்போது என் பிரயாணத்துக்கு வருகிறேன். ரயிலில் எதிரே இருந்த அம்மாள் பெட்டியைப் பார்த்து, "ஊறுகாயா கொண்டு போறீங்க?" என்று கேட்டார். "இல்லம்மா, திரும்பி வர்றப்பதான் அதுல ஆள் வரணும்" என்றேன். அவர் அடுத்த ஸ்டேஷனில் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

சூசையம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான் மேஸ்திரி தங்கச்சியா? உசிரோட இருந்தப்போ எட்டிப் பாக்கல. இப்ப பொட்டியோட வந்துட்டியா?"

வாங்கிக்கொண்டேன். அவரைப்பற்றி எங்கள் ஊரில் பேசியதை மறைக்காமல் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். இருமல் வருகிறவரைக்கும் சிரித்தார். "அந்தாளோடவா? சோத்துத் தட்ட தூக்கிக்கினு ஊர் சுத்தற ஆளு கூட எவ குப்ப கொட்டுவா? என் ஊட்டுக்காரரு கேட்டிருந்தா அவரே சிரிச்சிருப்பாரு."

சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னார். "ஒரே ஒரு கொறதான் அவருக்கு. அம்மா ஒண்ணுமே சொல்லாம போயிட்டாங்க, சூச, என்னிய மன்னிச்சாங்களா இல்லியான்னு தெரில, அப்டீன்னு அந்த ஒம்போது நாளும் அதே பேச்சு. இன்னாதான் சொன்னாங்கக்கா உங்கம்மா?"

அம்மா சொன்னதைச் சொன்னேன். அதை நான் அண்ணனுக்குச் சொல்லவில்லை என்பதையும், கடுதாசி அடுப்பில் போனதையும் சொன்னேன். இதற்கு முன்னால் நான் யாரிடமும் சொன்னதில்லை. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போதுகூடச் சுற்றிவளைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

சூசையம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார். அப்புறம், "தூக்கினு போறதுன்னா போ. உங்கண்ணன்தானே, நாங்க யாரு தடுக்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்லறைக்கும் கோயிலுக்குமாக நடந்தேன். குழி எடுக்க ஆள் தயார், சுவாமியார் தயார், பெட்டி தயார்.

மறுநாள் காலை சூசையம்மாளே வந்து கூப்பிட்டார். தை பிறந்து மழை ஓய்ந்ததும், மணல் மூடிய ஊற்றுக்குழிகளைப் புதிதாகப் பறிப்பது அங்கே வழக்கம். எத்தனை ஆழம் என்பதற்கு அண்ணன்தான் அளவு. குழியில் அவர் இறங்கி நிற்பார். மணல் அவர் இடுப்புக்கு வந்தால் அத்தோடு நிறுத்த வேண்டும். வயதாகி அவர் கூனிப்போக, குழியும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துபோனதாம். "குனிஞ்சு குனிஞ்சு மொண்டு எங்க இடுப்புதான் போச்சு. ஆனா தண்ணி தேனு" என்றார் சூசையம்மாள். அவர் போனபிறகு இரண்டு வருஷம் கோல் நட்டு அளந்திருக்கிறார்கள். கோலை ஆளாளுக்கு அமுக்கியதில் ஒரு குழி கரித்துவிட்டது. அதற்கு முந்தின மாதம் சோடாக் கம்பெனிக்காரர் ஒருவர் மேட்டில் குழாய் இறக்கக் கேட்டு வந்தாராம். பெண்கள் கூடி அவரை அண்ணன் கல்லறைக்கு இழுத்துக்கொண்டு போய், "இவர கேளு" என்று நிறுத்தியிருக்கிறார்கள். அவர் திரும்பிப் போனாராம், ஆனால் மறுபடி வருவார் என்றார்கள்.

"நீ எறங்குக்கா. அவரு ரத்தம். குள்ளமா வேற கீற, ரொம்ப நல்லதாப் போச்சு."

எழுபது வயதில் இரண்டு பெண்கள் கையைப் பிடித்து என்னைக் குழியில் இறக்கினார்கள். சுற்றிலும் மணலைப் பறித்தார்கள். கால் விரலுக்கடியில் சில்லென்று ஊறியது, கணுக்கால் நனைந்தது. மேல் விளிம்பு என் இடுப்புக்கு வந்ததும் நானே "போதும்" என்றேன். ஆழம் பற்றாது என்கிற வீட்டில் பிறந்தவள், அந்த வார்த்தையைச் சொன்னேன். ஒரு கை அள்ளிக் குடித்தேன். எங்கள் ஊரில் எந்தக் கிணற்றிலும் அப்படித் தண்ணீர் குடித்ததில்லை.

அங்கிருந்து ஈரப் புடவையோடு நேராகக் கல்லறைக்குப் போனேன். குழி எடுக்கக் காத்திருந்த ஆளைப் போகச் சொன்னேன். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து, அம்மா சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னேன். நாற்பது வருஷம் தாமதம். காது கேட்காதவருக்குச் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னேன். அலைச் சத்தம் அங்கே அவ்வளவு.

அவரைக் கொண்டுவராததற்குக் காரணம் இதுதான். அவர் அங்கே படுத்திருக்கிறவரைக்கும் அந்த மேட்டில் கடப்பாரை விழாது. அம்மா சொன்னபடியே, வேலையைப் பாதியில் விட்டு வருகிற பிள்ளை அல்ல அவர்.

இனி நன்றி சொல்ல வேண்டும். ஒன்பது நாள் அண்ணனைக் கழுவித் துடைத்துக் கஞ்சி ஊற்றிய குப்பத்துத் தாய்மார்களுக்கும், அவருடைய சவப்பெட்டியைச் சுமந்த அவர்களுடைய ஆண்மக்களுக்கும், அவரைத் தினமும் எழுப்பிவிட்ட சூசையம்மாளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த அம்மாளின் பேரை உங்களில் யாராவது வேறுவிதமாகச் சொல்லியிருந்தால், இந்த மலரை மூடுவதற்குள் அவருக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிடுங்கள். உத்தரவும் சீட்டும் வாங்கித் தந்த பெரியவர்களுக்கும், அழகாகப் பெட்டி செய்த தம்பிக்கும் நன்றி. பெட்டி வீணாகாது.

உடம்பில் தெம்பு இருக்கிறவரை ஒவ்வொரு தையிலும் நான் கொடித்துறைக்குப் போவேன். அளவுக்கு ஆள் வேண்டும். அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு இனி யாரும் அண்ணன் பேரைச் சொல்ல வேண்டாம். அது எனக்கு. அம்மாவுக்கு ஒரு கடுதாசி படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.